கொல்லாமல் பக்குவப்படுத்துதல்: ஓர் இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு

புற்றுநோய் மருத்துவத்தின் மொழி நெடுங்காலமாகப் போர்மொழியாகவே இருந்து வந்துள்ளது. பகை, தாக்குதல், அழிப்பு என்னும் சொற்களே அதில் மிகுதி. இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. புற்றுநோய்க்கெனத் தரப்பட்ட முதல் நவீன இரசாயன மருந்து போர்க்களத்து நச்சு வாயுவின் வழித்தோன்றலாகும். 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்ட் என்னும் பொருளை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்திப் பார்த்தனர். போர்க்கால இரகசியமாக இருந்த அந்த முயற்சி 1946இல்தான் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெருகும் உயிரணுக்களைக் கொன்றொழித்தலே அன்று தொடங்கிய மருத்துவ முறையின் அடிப்படை. அதில் நல்ல உயிரணுக்களும் சேர்ந்தே மடிந்தன.

இந்தப் போர்நெறிக்கு மாறான ஒரு வழியும் மருத்துவ வரலாற்றில் உண்டு. புற்றணுவைக் கொல்லாமல், தடைபட்டு நின்ற அதன் வளர்ச்சியை நிறைவு செய்யத் தூண்டி, தன் இயல்பான வாழ்வை வாழ்ந்து இயல்பாகவே மடியச் செய்யும் வழி அது. இந்த வழியில் முழு வெற்றி கண்ட நோய் ஒன்றே ஒன்றுதான்: தீவிர முன்மைலோசைட் இரத்தப் புற்றுநோய். மிகக் கொடியதெனப் பெயர்பெற்றிருந்த அந்நோய், இன்று பெரும்பாலும் குணமாகக்கூடிய இரத்தப் புற்றுநோய்களின் வரிசையில் முன்னிற்கிறது. இம்மாற்றத்தை விளைவித்த மருந்துகள் இரண்டு. ஒன்று, வைட்டமின் ஏ சத்தின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலம். மற்றது, நம் நாட்டில் வெள்ளைப் பாஷாணம் என்று அறியப்பட்ட ஆர்சனிக் டிரையாக்சைடு.

இவ்வரலாற்றில் இஸ்லாமிய மருத்துவ மரபுக்கு என்ன பங்கு உண்டு, என்ன பங்கு இல்லை என்பதையும் இங்கே ஆராய வேண்டியுள்ளது. ஏனெனில் புதிய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றையும் நம் முன்னோரின் ஏடுகளில் கண்டெடுத்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முன்னோரின் உண்மையான பெருமையை அப்பழக்கம் மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதிராத வெள்ளணுக்கள்

இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவுகடந்து பெருகும் நோயை 1845ஆம் ஆண்டில் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும் பெர்லினில் ருடால்ஃப் விர்கோவும் தனித்தனியே விவரித்தனர். பின்னர் அதற்கு லுகேமியா என்னும் கிரேக்கப் பெயரைச் சூட்டியவர் விர்கோ. 'வெண்குருதி' என்பது அதன் பொருள். இரத்த அணுக்களின் பிறப்பிடம் எலும்பு மஜ்ஜையே என்பதை 1868இல் எர்ன்ஸ்ட் நாய்மன் எடுத்துக்காட்டிய பிறகு, நோயின் மூலமும் அங்கேயே தேடப்பட்டது.

நலமுள்ள மனிதரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் தாய் அணுவிலிருந்து பிறந்து, படிப்படியாக முதிர்ந்து, முன்மைலோசைட் என்னும் இடைப்பருவத்தைக் கடந்து, கிருமிகளை விழுங்கும் ஆற்றல் பெற்ற நிறைபருவத்தை அடைகிறது. நிறைபருவம் எய்திய அணு மேலும் பிளந்து பெருகாது. தன் கடமையைச் செய்து, சில நாள்களுக்குள் மடிந்துவிடும். முதிர்ச்சியும் மரணமும் இங்கே ஒரே ஒழுங்கின் இரு பகுதிகளாகும். தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் இவ்வொழுங்கு முறிகிறது. அணுக்கள் ஏதேனும் ஒரு பருவத்தில் நின்றுவிடுகின்றன. முதிராததால் மடிவதுமில்லை, பெருகுவதை நிறுத்துவதுமில்லை.

முன்மைலோசைட் பருவத்தில் இத்தேக்கம் நிகழும் வகையை 1957இல் நார்வே நாட்டு மருத்துவர் லெய்ஃப் ஹில்லஸ்டாட் தனி நோயாக இனங்கண்டார். அவர் விவரித்த நோயாளிகள் மூவர். நோய் சில வாரங்களிலேயே உயிரைப் பறித்தது. அதற்குக் காரணம் அடங்காத இரத்தப்போக்கு. முன்மைலோசைட்டுகளின் உள்ளே அடங்கியிருக்கும் துகள்கள் இரத்தத்தில் கலக்கும்போது உறைதலின் ஒழுங்கு குலைந்து, மூளையிலும் நுரையீரலிலும் குருதி கசிகிறது. அணுக்களைக் கொல்லும் மருந்து கொடுத்தால் துகள்கள் மேலும் சிதறி இரத்தப்போக்கு முற்றுவதும் உண்டு. 1973இல் பாரிஸ் நகரின் ழான் பெர்னாரும் அவருடைய குழுவினரும் டானோரூபிசின் என்னும் மருந்துக்கு இந்நோய் ஓரளவு இணங்குவதைக் காட்டினர். ஆயினும் முதல் சில வாரங்களின் ஆபத்து நீங்கவில்லை.

பக்குவம் என்னும் கருத்து

நோயுற்ற பொருளைப் பக்குவப்படுத்துதல் என்னும் சொல் யூனானி மருத்துவம் அறிந்தவர்களுக்குப் புதிதன்று. கிரேக்க மருத்துவத்திலிருந்து அரபு மருத்துவம் பெற்று விரித்துரைத்த கோட்பாடுகளுள் 'நுள்ஜ்' என்பது ஒன்று. பழுத்தல், பக்குவமடைதல் என்பது அதன் பொருள். உடலில் தேங்கிய கெட்ட திரவத்தை முதலில் 'முன்ளிஜ்' எனப்படும் பக்குவ மருந்துகளால் கனியச் செய்ய வேண்டும். பின்னரே 'முஸ்ஹில்' எனப்படும் கழிப்பு மருந்துகளால் வெளியேற்ற வேண்டும். பழுக்காததைப் பலவந்தமாக வெளியேற்றினால் உடல் கேடுறும் என்பது அம்மரபின் விதி. இன்றும் யூனானி ஹகீம்கள் இவ்வரிசையைப் பின்பற்றுகின்றனர்.

சொல்லளவில் ஒப்புமை வியப்பூட்டுவதே. ஆனால் பொருளளவில் இரண்டும் வேறு. அன்றைய மருத்துவர்கள் பேசியது நான்கு திரவங்களின் சமநிலையைப் பற்றி. உயிரணு என்னும் கருத்தே 19ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. இப்னு சீனா தமது அல்-கானூன் ஃபித்-திப்பு நூலில் புற்றுநோயை 'ஸரதான்', அதாவது நண்டு என்னும் பெயரால் குறித்து, கரும்பித்தத்திலிருந்து தோன்றும் வீக்கமாக விளக்கினார். ஆகவே முன்ளிஜ் கோட்பாட்டிலிருந்து இன்றைய சிகிச்சை பிறந்தது என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அதைக் கண்டறிந்தவர்கள் அந்நூல்களிலிருந்து அதைப் பெறவுமில்லை.

அவர்கள் பெற்ற வழி ஆய்வுக்கூடத்தின் வழியாகும். 1965இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் லியோ சாக்ஸும் டோவ் ப்ளூஸ்னிக்கும் இரத்த அணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து முதிரச் செய்யும் முறையை வகுத்தனர். 1969இல் ஜப்பானில் யசுவோ இச்சிகாவா, எலியின் புற்றணுக்கள் தகுந்த தூண்டுதல் பெற்றால் முதிர்ந்த அணுக்களாக மாறுவதைக் கண்டார். 1971இல் நியூயார்க்கின் சார்லட் ஃபிரெண்ட், ஒரு சாதாரணக் கரைப்பான் பொருளே எலியின் புற்றணுக்களைச் சிவப்பணுத் தன்மை பெறச் செய்வதைக் காட்டினார். புற்றணுவானது மீளவே முடியாமல் கெட்டுப்போனது அன்று. அதன் முதிர்ச்சியைத் தடுக்கும் தாழ்ப்பாளைத் திறக்க இயலும் என்னும் நம்பிக்கை இவற்றால் பிறந்தது. 1980இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தியடோர் பிரைட்மனும் அவருடைய குழுவினரும், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மனித இரத்தப் புற்றணுக்களை ரெட்டினாயிக் அமிலம் முதிரச் செய்வதைக் கண்டனர். மறு ஆண்டில், நோயாளிகளிடமிருந்து நேரே எடுத்த அணுக்களுள் முன்மைலோசைட் வகையே இதற்குச் சிறப்பாக இணங்குகிறது என்பதையும் அறிவித்தனர்.

ஷாங்காய்: 1985

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்கு இதனைக் கொண்டு சேர்த்தவர் சீன மருத்துவர் வாங் செனி. 1924இல் பிறந்த இவர், ஷாங்காயில் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் நடத்திய அரோரா பல்கலைக்கழகத்தில் பயின்று 1948இல் மருத்துவரானார். பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பு அடங்கிய 1970களின் இறுதியில், ஷாங்காயின் ருயிஜின் மருத்துவமனையில் முதிர்ச்சியைத் தூண்டும் பொருள்களைத் தேடத் தொடங்கினார். தண்டனையால் அடக்குவதைவிட நன்னெறியால் திருத்துவதே மேல் என்னும் கன்ஃபூசியஸின் அரசியல் அறிவுரையோடு இச்சிகிச்சையை அவரும் அவருடைய மாணவர்களும் பின்னாளில் ஒப்பிட்டு எழுதியுள்ளனர். 'இஸ்லாஹ்' என்னும் சீர்திருத்தக் கருத்தில் வளர்ந்த நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

மேலை நாடுகளில் அக்காலத்தில் சிலர் முயன்று பார்த்தது ரெட்டினாயிக் அமிலத்தின் மற்றொரு வடிவத்தை. சீனாவில் கிடைத்ததோ முகப்பரு முதலிய தோல் நோய்களுக்காக ஷாங்காயின் மருந்துத் தொழிற்சாலை ஒன்று தயாரித்த 'ஆல் டிரான்ஸ்' என்னும் வடிவம். கைக்குக் கிடைத்ததையே வாங் செனி சோதித்தார். இந்நோய்க்கு அதுவே வலிமை மிக்கதாக அமைந்தது.

1985இல் ஷாங்காய்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இந்நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தாள். வழக்கமான மருந்துகள் கைவிட்ட நிலை. வாங் செனியின் துணைவியார் அங்கே குழந்தை மருத்துவராகப் பணியாற்றியதால் செய்தி அவருக்கு எட்டியது. வாய்வழியாகக் கொடுக்கப்பட்ட ரெட்டினாயிக் அமிலத்தால் சில வாரங்களில் சிறுமியின் மஜ்ஜை தெளிந்தது. அவள் பிழைத்து, வளர்ந்து ஆளானாள்.

1988இல் வெளியான ஷாங்காய்க் குழுவினரின் அறிக்கை மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. 24 நோயாளிகளுள் 23 பேர் இம்மருந்து ஒன்றினாலேயே நோயின் தடயம் மறையும் நிலையை எய்தினர். எஞ்சிய ஒருவர் சிறிதளவு வேறு மருந்தும் சேர்த்தபோது அந்நிலையை அடைந்தார். மஜ்ஜை வெறுமையாகும் கட்டம் எவருக்கும் நேரவில்லை. அணுக்கள் மடியாமல் முதிர்ந்தன என்பதற்கு அதுவே சான்று. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் லொரான் டெகோஸும் அவருடைய தோழர்களும் ஷாங்காயிலிருந்து மருந்தைப் பெற்று, 1990இல் இம்முடிவை உறுதி செய்தனர்.

ஆயினும் வெற்றி முழுமையானதன்று. ரெட்டினாயிக் அமிலம் மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சில மாதங்களில் நோய் மீண்டது. வேறோர் ஆபத்தும் தோன்றியது. ஒரே நேரத்தில் பெருந்தொகையாக முதிரும் அணுக்கள் நுரையீரலில் புகுந்து, காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல் வீக்கம் ஆகியவற்றை விளைவித்தன. 1992இல் விவரிக்கப்பட்ட இக்கோளாறை உடனே இனங்கண்டு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் உயிர் காக்கலாம் என்பது தெளிவாயிற்று. பக்குவப்படுத்தலும் அளவும் கண்காணிப்பும் இன்றி நன்மை தராது என்பதை மருத்துவர்கள் உணர்ந்தனர்.

மரபணு தந்த விளக்கம்

இந்த மருந்து ஏன் இந்நோயை மட்டும் திருத்துகிறது? விடைக்கான முதல் நூலிழை 1977இல் சிகாகோவில் கிடைத்தது. இந்நோயாளிகளின் அணுக்களில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை ஜேனட் ரௌலி கண்டறிந்தார். 1990, 1991 ஆண்டுகளில் பாரிஸில் ஹ்யூக் தெ தே, ஆன் தெழான் ஆகியோரின் குழுவும் பிற குழுக்களும் முறிந்த இடத்தை ஆராய்ந்தபோது, 17ஆம் குரோமோசோமில் உடைந்த மரபணு, ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதத்திற்கே உரியது என்பது வெளிப்பட்டது. 15ஆம் குரோமோசோமில் உடைந்த மரபணுவுக்குப் 'பிஎம்எல்' என்று பெயரிட்டனர். இரண்டும் இணைந்து ஒரு கலப்புப் புரதம் உருவாகியிருந்தது.

இயல்பான ஏற்பிப் புரதம், வைட்டமின் ஏ வழிப்பொருள் வந்து சேர்ந்ததும் முதிர்ச்சிக்கான மரபணுக்களைத் திறந்துவிடும். கலப்புப் புரதமோ அவற்றை இறுகப் பூட்டிவிடுகிறது. உடலில் இயல்பாக உள்ள சிறிதளவு ரெட்டினாயிக் அமிலத்தால் பூட்டு திறப்பதில்லை. மருந்தாக மிகுதியாகக் கொடுக்கும்போது திறக்கிறது. ஷாங்காயில் அனுபவத்தால் கண்ட உண்மைக்குப் பாரிஸிலும் பிற இடங்களிலும் காரணம் விளங்கியது.

பாஷாணத்தின் பயணம்

இரண்டாவது மருந்தின் வரலாறு இன்னும் நீண்டது. இங்கேதான் நம் மரபின் ஏடுகள் உண்மையாகவே குறுக்கிடுகின்றன.

ஆர்சனிக் கலந்த கனிமங்கள் பண்டைக் காலந்தொட்டே அறியப்பட்டவை. மஞ்சள் நிற அரிதாரமும் செந்நிற மனோசிலையும் தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் இடம்பெற்றவை. பழைய ஈரானிய மொழியில் பொன்னிறத்தைக் குறித்த சொல்லிலிருந்து 'ஸர்னீக்' பிறந்தது. அதுவே கிரேக்கத்தில் 'ஆர்செனிகோன்' ஆகி, இன்று உலகம் வழங்கும் ஆர்சனிக் என்னும் பெயராயிற்று. மனோசிலையை ஐரோப்பியர் 'ரியால்கர்' என்பர். அது 'ரஹ்ஜுல் காஃர்', அதாவது குகையின் துகள் என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். மற்றொரு மருந்தான ரெட்டினாயிக் அமிலத்தின் பெயரிலும் அரபுச் சுவடு உண்டு. கண்ணின் விழித்திரையை அரபு மருத்துவர்கள் வலைபோன்ற படலம் என்னும் பொருளில் 'ஷபகிய்யா' என்றனர். 12ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் அல்-கானூனை இலத்தீனில் பெயர்த்த கிரிமோனாவின் ஜெரார்டு அதை வலை என்னும் இலத்தீன் சொல்லால் குறித்தார். அதிலிருந்தே ரெட்டினா, ரெட்டினால், ரெட்டினாயிக் ஆகிய சொற்கள் கிளைத்தன.

ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலும், அபூபக்ர் அர்-ராஸீயின் (இறப்பு ஹிஜ்ரி 313 / கி.பி. 925) இரசாயன நூல்களிலும் ஜிர்னீக் முதன்மை இடம் பெறுகிறது. அர்-ராஸீ பொருள்களை வகைப்படுத்தியபோது பாதரசம், நவச்சாரம், கந்தகம் ஆகியவற்றோடு ஜிர்னீக்கையும் சேர்த்து நான்கு 'அர்வாஹ்', அதாவது நெருப்பில் ஆவியாகும் பொருள்கள் என்றார். இப்னு சீனா (ஹிஜ்ரி 370–428 / கி.பி. 980–1037) அல்-கானூனின் இரண்டாம் நூலில், ஏறத்தாழ 800 தனி மருந்துகளைத் தொகுத்துரைத்தபோது ஜிர்னீக்கின் பயனையும் எழுதினார்.

ஐரோப்பாவில் 1786இல் தாமஸ் ஃபௌலர் என்னும் ஆங்கில மருத்துவர் ஆர்சனிக் கரைசல் ஒன்றை அறிமுகப்படுத்தினார். 1865இல் ஜெர்மானிய மருத்துவர் லிசாவர் அதனை இரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துப் பயன் கண்டதாக எழுதினார். வெள்ளணுக்களின் எண்ணிக்கையை அது குறைப்பதைப் பாஸ்டன் மருத்துவர்கள் 1878இல் கணக்கிட்டுக் காட்டினர். கதிர்வீச்சும் புதிய இரசாயன மருந்துகளும் வந்தபின் அது வழக்கொழிந்தது. எஞ்சியது விஷம் என்னும் பெயர் மட்டுமே.

ஹார்பின்: பிரித்தறிதலின் பாடம்

மறக்கப்பட்ட இம்மருந்து வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் உயிர்பெற்றது. 1970களின் தொடக்கத்தில், கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்ட மருத்துவக் குழுக்கள், நாட்டு வைத்தியர் ஒருவர் கட்டிகளுக்கு ஆர்சனிக், ரசகற்பூரம் போன்ற பாதரச உப்பு, தேரை நஞ்சு ஆகிய மூன்றையும் கலந்து தருவதை அறிந்தன. மருந்தாளுநர் ஹான் டையுன் அதை ஊசி மருந்தாக ஆக்கினார். மருத்துவர் சாங் டிங்டோங் இரத்தப் புற்றுநோயாளிகளிடம் அதைச் சோதித்தார். சிலர் தேறினர், ஆனால் சிறுநீரகக் கேடும் இரத்த அழுத்த உயர்வும் தோன்றின.

அவர்கள் அந்நிலையில் செய்ததே இவ்வரலாற்றின் திருப்புமுனை. கலவையை அப்படியே போற்றவுமில்லை. மூடநம்பிக்கை என்று தள்ளவுமில்லை. மூன்றையும் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பாதரசமும் தேரை நஞ்சும் தீங்கையே தந்தன. நலம் தந்தது ஆர்சனிக். 1979இல் 55 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர். முன்மைலோசைட் வகைக்கே மருந்து சிறப்பாக இணங்குவதும் படிப்படியாகப் புலனாயிற்று. 1992இல் இவ்வகை நோயாளிகள் 32 பேரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. அவை சீன மொழி இதழ்களிலேயே இருந்தமையால் வெளியுலகம் அறியவில்லை. வாங் செனியின் மாணவர் சென் சூ உள்ளிட்ட ஷாங்காய்க் குழுவினர் ஹார்பின் மருத்துவர்களோடு இணைந்து, 1996, 1997 ஆண்டுகளில் மருந்தின் செயல்முறையை ஆராய்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டனர். 1998இல் நியூயார்க்கில் நோய் மீண்ட 12 பேருக்குக் கொடுக்கப்பட்டபோது 11 பேர் தேறினர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

ஆர்சனிக் கலப்புப் புரதத்தின் 'பிஎம்எல்' பகுதியோடு நேராகப் பிணைந்து அதைச் சிதைவுக்குள்ளாக்குகிறது என்பதை 2010இல் சென் சூவின் குழு நிறுவியது. ரெட்டினாயிக் அமிலம் மறு பகுதியைப் பற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் நோயின் வேரான புரதம் இரு முனையிலும் பிடிபட்டு அழிகிறது. முதிர்ச்சி மட்டுமே குணமாகாது, நோயை மீண்டும் முளைக்கச் செய்யும் மூல அணுக்களின் ஆற்றலும் ஒடுங்க வேண்டும் என்னும் தெளிவு இதனால் ஏற்பட்டது. 2013இல் ஃபிரான்செஸ்கோ லொ கொக்கோ தலைமையில் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், அபாயம் குறைந்த பிரிவினர்க்கு இவ்விரு மருந்துகளும் மட்டும் கொடுக்கப்பட்டன. நோயின்றியும் இடையூறின்றியும் இரண்டாண்டுகளைக் கடந்தோர் 100க்கு 97 பேர். ரெட்டினாயிக் அமிலத்தோடு வழக்கமான இரசாயன மருந்துகளைப் பெற்றோரிடம் இது 86 ஆக இருந்தது.

தெஹ்ரானும் வேலூரும்

மேலை நாட்டு ஒப்புதலுக்காகக் காத்திராமல் வேறிடங்களிலும் பணி நடந்தது. ஈரானில் தெஹ்ரான் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷரீஅத்தி மருத்துவமனையில், அர்தஷீர் கவாம்ஸாதாவும் அவருடைய குழுவினரும் புதிய நோயாளிகளுக்கும் முதல் மருந்தாக ஆர்சனிக் ஒன்றையே தந்தனர். 2011இல் 197 பேரின் விவரத்தை வெளியிட்டனர். 100க்கு 85க்கும் மேற்பட்டோர் நோய் மறைந்த நிலையை எய்தினர். தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மாத்யூஸும் அவருடைய குழுவினரும் 1998 முதல் இதே வழியில் 72 பேருக்கு மருத்துவம் செய்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். அங்கும் 100க்கு 86 பேர் அந்நிலையை அடைந்தனர். விலையுயர்ந்த மருந்துகளும் நீண்ட மருத்துவமனை வாசமும் இயலாத நாடுகளில் இந்த எளிய கனிமம் எத்தனை குடும்பங்களைக் காத்தது என்பதை இவ்விரு நகரங்களும் காட்டின. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 2015இல் ரெட்டினாயிக் அமிலமும் 2019இல் ஆர்சனிக் டிரையாக்சைடும் சேர்க்கப்பட்டன.

மனோசிலையே அடிப்படையான வாய்வழி மருந்தொன்றும் சீனாவில் சோதிக்கப்பட்டது. 2013இல் வெளியான, 242 பேர் பங்கேற்ற ஆய்வில், ஊசி வழி ஆர்சனிக்குக்கு அது குறைந்ததன்று என்று காணப்பட்டது. அரபு வணிகர் 'குகையின் துகள்' என்றழைத்த பொருள் இவ்வாறு மாத்திரையாகியிருக்கிறது.

நஞ்சு பற்றிய சட்ட அறிஞர்களின் நோக்கு

நஞ்சை மருந்தாக உண்ணலாமா என்பது இஸ்லாமியச் சட்டவியலில் பழைய வினா. மருத்துவம் தேடுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்கள் கேடான மருந்தைத் தடுத்ததாகவும் அறிவிப்பு உண்டு. அதற்கு நஞ்சு என்று விளக்கம் கூறியோரும் உளர். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (இறப்பு ஹிஜ்ரி 620 / கி.பி. 1223) அல்-முக்னீ நூலில் இதை நுட்பமாகப் பிரித்தார். நஞ்சு கலந்த மருந்தை உட்கொள்வதால் பெரும்பாலும் அழிவே நேருமெனில் அது ஆகாது. பெரும்பாலும் பாதுகாப்பே விளைந்து பயனும் எதிர்பார்க்கப்படுமெனில் அனுமதிப்பதே பொருத்தம் என்பது அவர் கருத்து. தமிழக, இலங்கைக் கரையோர முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீயும் (ஹிஜ்ரி 631–676 / கி.பி. 1233–1277) தேவையும் பாதுகாப்பும் இருக்குமெனில் சிறிதளவு நஞ்சு கலந்த மருந்துக்கு இடமளித்துள்ளார்.

இத்தீர்ப்புகளின் அச்சாணி 'பெரும்பான்மை விளைவு' என்பதாகும். பொருளின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அளவையும் அனுபவத்தையும் பார்த்து முடிவு செய்யும் நெறி அது. ஆர்சனிக்கின் மருத்துவ அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 9 மில்லிகிராம். உயிர்க்கொல்லி அளவாகக் கூறப்படுவது 100 முதல் 200 மில்லிகிராம். இடைவெளி பெரிதன்று. எனவேதான் இதயத் துடிப்பின் மின் வரைபடமும் இரத்த உப்புகளும் இடைவிடாது கவனிக்கப்படுகின்றன. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்த ஆர்சனிக், பல்லாண்டுகள் சிறுகச் சிறுக உட்புகுந்து தோல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்கியிருக்கிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் நோய், வேறோரிடத்தில் மருந்து. மரபு என்றோ நபிவழி மருத்துவம் என்றோ பெயர் சூட்டி, அளவும் தூய்மையும் அறியப்படாத பாஷாணப் பொடிகளை விற்போரிடம் ஏமாறுவதை மேற்கண்ட சட்ட விதியே தடுக்கிறது.

நம் மரபின் உண்மையான பங்கு

பாஷாணம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று இப்னு சீனா கண்டறிந்திருந்தார் என்றால் அது பொய்ப்பெருமை. ஆனால் அல்-கானூனின் இரண்டாம் நூலில், மருந்தின் ஆற்றலை அறிவதற்கு அவர் வகுத்த ஏழு விதிகள் மெய்யான பெருமை. மருந்தில் வெளியிலிருந்து வந்த தன்மை கலந்திருத்தல் ஆகாது. கலப்பு நோயில் சோதிக்காமல் தனி நோயில் சோதிக்க வேண்டும். எதிரெதிரான நோய்களில் சோதித்து ஒப்பிட வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஈடாக வேண்டும். விளைவு தோன்றும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். விளைவு பலமுறை மாறாது நிகழ வேண்டும். இறுதியில் மனித உடலில் சோதிக்க வேண்டும். இவையே அவ்விதிகளின் சாரம். அர்-ராஸீயும் மூளைக் காய்ச்சல் நோயாளிகளுள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கி, மறு சாராரை வேண்டுமென்றே விட்டுவைத்து விளைவை ஒப்பிட்டதாக அல்-ஹாவீயில் குறித்துள்ளார்.

ஹார்பின் மருத்துவர்கள் மூன்று பொருளைப் பிரித்துச் சோதித்தபோது செய்தது இவ்விதிகளின் உணர்வுக்கு முற்றிலும் இசைந்த செயல். அவர்கள் இப்னு சீனாவைப் பயின்றிருக்க வேண்டியதில்லை. நாட்டு வைத்தியத்தைக் கேலி செய்யாமல் கேட்கும் பணிவும், கேட்டதை அப்படியே நம்பாமல் பிரித்தறியும் துணிவும் ஒரே மனத்தில் கூடும் இடத்தில் அறிவு பிறக்கிறது. நம் ஏடுகளை நோக்கியும் நமக்கு வேண்டியது இவ்விரண்டுமே. உண்மையை எந்த இனத்தார் தந்தாலும் ஏற்பதில் நாணம் வேண்டாம் என்ற அல்-கிந்தியின் மனப்பான்மையும் அத்தகையதே. இச்சிகிச்சையின் பின்னே நார்வேயரும், யூதரும், ஜப்பானியரும், சீனரும், பிரெஞ்சுக்காரரும், ஈரானியரும், வேலூர் மருத்துவரும் நிற்கின்றனர்.

இவ்வழியின் எல்லையையும் சொல்ல வேண்டும். பிற இரத்தப் புற்றுநோய்களில் ரெட்டினாயிக் அமிலம் இத்தகைய வெற்றியைத் தரவில்லை. மரபணுக் கோளாறு வேறு வேறானதால் தாழ்ப்பாளும் வேறு வேறாக இருக்கிறது. ஆயினும் தேடல் வீணாகவில்லை. குறிப்பிட்ட மரபணுக் கோளாறுடைய தீவிர மைலாய்டு நோயாளிகளுக்கு, அணுக்களை முதிரச் செய்யும் எனாசிடெனிப் 2017இலும் ஐவோசிடெனிப் 2018இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மற்றொரு வகை மரபணு மாற்றத்திற்காக ரெவுமெனிப் 2024இல் வந்து சேர்ந்தது.

முன்மைலோசைட் நோயில் இன்றும் உயிர்கள் பெரும்பாலும் பறிபோவது மருந்து தொடங்கும் முன்னரோ தொடங்கிய முதல் சில நாள்களிலோதான். காரணமின்றி ஈறில் குருதி கசிதல், உடலில் நீலத் தழும்புகள் தோன்றுதல், அடங்காத காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். ஐயம் எழுந்த அன்றே, மரபணு முடிவுக்குக் காத்திராமல் ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்குவது இன்றைய மருத்துவ நெறி. மருந்து இருந்தும் அது உரிய நேரத்தில் நோயாளியைச் சென்றடையாமற் போனால் இழப்பு நம்முடையதே. நம் ஜமாஅத்துகளும் அறநிலையங்களும் நடத்தும் மருத்துவ முகாம்கள், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பதோடு இவ்வறிகுறிகளையும் மக்களுக்கு எடுத்துச் சொல்லுமானால், இப்னு சீனாவின் பெயரை மேடைகளில் முழங்குவதைவிட அவருடைய பணிக்கு அது நெருக்கமானதாக இருக்கும்.